வாசற்படியைக் கடக்கும் துணிவு

பழகிய மண்ணை விட்டுப் பழகாத மண்ணில் கால் வைப்பதற்குத் துணிவு வேண்டும். இதனை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அத்துணிவு எத்தகையது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. வாளேந்தி வருபவனும் அந்நிய மண்ணில் கால் வைக்கிறான். வாணிகத்திற்கு வருபவனும் வைக்கிறான். இவர்களது துணிவினின்று விசுவாசியின் துணிவு எவ்வாறு வேறுபடுகிறது?

இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வில் இதற்கு விடை காணலாம். 1651ஆம் ஆண்டு கோவாவில் கொங்கணி அந்தணக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர் கத்தோலிக்கக் குருக்களைத் தடை செய்தனர். அவர்களுக்கு அடைக்கலம் தருவோர் மரண தண்டனைக்கு உள்ளாவர் என்றும் ஆணையிட்டனர். மேய்ப்பரின்றித் தவித்த அம்மக்களைத் தேடி 1687இல் தூத்துக்குடியிலிருந்து அடிகளார் கடல் கடந்தார். குருவின் அங்கியைக் களைந்து ஏழைக் கூலியாளின் உடையில் சென்றார். போய்ச் சேர்ந்ததும் கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. கவனிப்பாரின்றிக் கிடந்த அவரது உயிரை, இரக்கமுள்ள பெண்மணி ஒருவர் நாள்தோறும் அளித்த கஞ்சியே காத்தது என்று அவரது வரலாறு கூறுகிறது. உடல் தேறியபின், கழுத்தில் செபமாலையுடன் வீடுதோறும் பிச்சை கேட்டுச் சென்றார். அச்செபமாலையைக் கண்டு எவர் முகம் மலர்ந்ததோ, அவரைத் தம் ஆடெனக் கண்டுகொண்டார்.

மாறுவேடத்தில் சென்றது கோழைத்தனம் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். தம் உயிரை மட்டும் காக்க விரும்பியிருந்தால் அவர் கோவாவிலேயே இருந்திருக்கலாமே! தமக்குக் கதவு திறந்தவர்களின் உயிரும் தம்மால் ஆபத்துக்குள்ளாகும் என்பதை அவர் அறிந்திருந்தார். பிறர் உயிரை எண்ணாத துணிவு வெறும் முரட்டுத்தனமே.

இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்று உண்டு. கொடுக்கச் சென்றவர் முதலில் பெற்றுக்கொண்டார். வெல்லச் செல்பவன் தன் கையிலுள்ளதை நம்புகிறான். விசுவாசியோ வெறுங்கையோடு சென்று, இறைவனையும் அங்குள்ள மனிதரையும் நம்புகிறான். பின்னர் 1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கீசிய ஒற்றர் என்ற ஐயத்தில் அடிகளார் சிறைப்பட்டார். அதே கண்டியில் 1697இல் பெரியம்மை பரவி, உற்றாரே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர்களைப் பேணியதும் இறந்தோரை அடக்கம் செய்ததும் அவருடைய கரங்களே. 1711இல் கண்டியிலேயே அவர் உயிர் நீத்தார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு நகரில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இத்தகைய வரலாறுகளைக் கேட்டு நாம் மெய்சிலிர்க்கிறோம். கடல் கடப்பதும் நமக்குப் புதிதன்று. நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் அஞ்சாமல் செல்கின்றனர். ஆயினும், கோவிலுக்குப் பின்புறமுள்ள தெருவில் நாம் கால் வைத்து எத்தனை ஆண்டுகள் ஆயின? ஒரே பலிபீடத்தில் நற்கருணை உட்கொண்டவர்களைக் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் பிரித்த ஊர்கள் நம்மிடையே உண்டு. குருக்களாகிய நாமும் இக்குற்றத்திற்கு விலக்கல்ல. புதிய பங்கில் பொறுப்பேற்றதும், நாற்காலியும் காப்பியும் காத்திருக்கும் இல்லங்களுக்கே நம் கால்கள் முதலில் செல்கின்றன. மற்றத் தெருக்களுக்கு நேரம் வாய்ப்பதில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

புனித பேதுருவுக்கும் இச்சோதனை வந்தது. யோப்பாவிலிருந்து செசரியாவுக்குச் சென்ற நெடுவழி அவருக்குப் பெரிதாகத் தோன்றியிராது. பிற இனத்தவராகிய கொர்னேலியுவின் வாசற்படியே அவருக்குக் கடத்தற்கரியதாய் இருந்தது. அதனைக் கடந்தபின்தான், தமக்கு முன்பே தூய ஆவியார் அவ்வீட்டில் செயலாற்றத் தொடங்கிவிட்டதை அவர் உணர்ந்தார். இறைவன் இல்லாத இடத்திற்கு நாம் அவரைக் கொண்டு செல்வதில்லை. அவர் ஏற்கெனவே இருக்குமிடத்திற்கு நாம்தாம் காலந்தாழ்ந்து போய்ச் சேர்கிறோம்.

நமக்குரிய அந்நிய நாடு அடுத்த தெருவிலேயே இருக்கலாம். அங்கே உபதேசிக்கவோ உதவிப்பொருள் வழங்கவோ அன்றி, விருந்தினராய் ஒருமுறை செல்வோம். அவ்வீட்டார் ஒரு குவளைக் கஞ்சியை நம்மிடம் நீட்டக்கூடும். தயங்காமல் அதனை வாங்கி அருந்தும் துணிவு நமக்கு உண்டா?