இறால் குஞ்சுக்குக் காட்டும் கவனம்

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் இறால் பண்ணை நடத்துபவர், குஞ்சுகளை வாங்கிவந்த கையோடு குளத்தில் விட்டுவிட மாட்டார். 1996இல் வெண்புள்ளி நோய் பரவி, இந்த மாவட்டத்துப் பண்ணைகளைத் துடைத்துப்போட்டது. பட்ட பிறகுதான் புத்தி வந்தது. குஞ்சின் மாதிரியை பீ.சி.ஆர். சோதனைக்குக் கொடுத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே குளத்தில் இறக்க வேண்டும் என்பது ஒழுங்கானது. விற்பவர் தெரிந்தவர், நல்லவர் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. முதல் போட்டவருக்கு ஆதாரம் வேண்டும்.

கடற்றொழிலாளியும் அப்படித்தான். காற்றின் வேகத்தைப் போனில் பார்ப்பார். ஆனாலும் சோளகம் வீசும் நாளில் கரையில் நின்று கடலை ஒருமுறை பார்க்காமல் படகைத் தள்ள மாட்டார்.

இதே கரையில்தான் 2019 மே 12ஆம் திகதியும் வந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டு மூன்று வாரமே ஆகியிருந்தது. சிலாபத்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர், பேஸ்புக்கில் தன்னோடு தர்க்கித்தவருக்கு, 'அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்' என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அது அடுத்த தாக்குதலுக்கான மிரட்டல் என்று பேச்சாகி, ஸ்கிரீன்ஷொட்டாகக் கைக்குக் கை மாறியது. கூட்டம் திரண்டது. அவருடைய கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கல் விழுந்தது. எழுதியவரைப் பொலிஸார் கைது செய்தார்கள், ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. ஆனாலும் குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் வன்முறை பற்றிக்கொண்டது. நாத்தாண்டிக்குப் பக்கத்தில் கொட்டாரமுல்லவில், தச்சுப் பட்டறை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் அந்த வரியை எழுதியவர்கூட அல்ல.

அந்தக் கடை எங்கோ கண்காணாத தேசத்தில் இருக்கவில்லை. அதே சிலாபத்தில்தான் இருந்தது. நாலு பேர் போய், "என்ன எழுதினீங்க, எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரையை நம்பினார்கள்; பக்கத்தில் இருந்த மனிதனை நம்பவில்லை.

நம் காசுக்கு ஆபத்து என்றால் சோதிக்கிறோம். நம் உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு தரம் சோதிக்கிறோம். அடுத்தவன் உயிர் என்றால் அப்படியே பகிர்ந்துவிடுகிறோம். இதற்கு அறியாமை என்று பெயர் வைத்துத் தப்ப முடியாது. சோதிக்கத் தெரிந்தவன் சோதிக்காமல் விடுவது அறக்கேடு.

'எல்லாம் இந்தப் போனால் வந்த வினை' என்பது சோம்பேறி வாதம். போன் கையில் இல்லாத 1915இலும் வதந்தியை நம்பி இந்தத் தீவில் முஸ்லிம்களின் கடைகளைக் கொளுத்தினார்கள். இணையம் கொண்டுவந்தது வேகம். யோசிக்கக் கிடைத்த கொஞ்ச அவகாசத்தையும் அந்த வேகம் பறித்துவிட்டது. 2018இல் கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் வருத்தம் தெரிவித்தது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது. நிறுவனத்தின் வருத்தமோ அரசின் ஆணைக்குழுவோ, நமக்காகச் சிந்திக்கப் போவதில்லை.

பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இந்த நாட்டில் வாழ்ந்தவர். ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு சொல்பவனுக்கே என்பதுதான் அவர் பிடித்த பிடி. அன்று சாமியாரிடம் கேட்டதை இன்று வாட்ஸ்அப்பிடம் கேட்டாக வேண்டும். யார் சொன்னது? எப்போது நடந்தது? நேரில் கண்டவர் யார்?

தமிழரானாலும் முஸ்லிமானாலும் சிங்களவரானாலும், தன் இனத்துக்கு இனிக்கும் செய்தியையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பொய் நுழையும் வாசல் அதுதான். இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத செய்தி உங்கள் போனிலேயே சாகட்டும். சோதிக்காமல் பகிர்ந்தவர், வீட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் கல்லெறிந்த கூட்டத்தில் ஒருவரே.