என் வண்டி, என் உயிர்

1996-இல் வந்த லோட்டஸ் எலீஸ் காரின் எடை சுமார் 725 கிலோ. திறன் 118 குதிரைத்திறன். இன்று அதே காரில் ஹோண்டா கே20 இன்ஜினை இறக்கி, சூப்பர்சார்ஜரும் பூட்டி, திறனை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுகிறார்கள். சூப்பர்சார்ஜர் மந்திரமல்ல, இன்ஜின் சுழற்றும் காற்றமுக்கி. அதிகக் காற்று, அதிகப் பெட்ரோல், ஒவ்வொரு சுற்றிலும் பெரிய வெடிப்பு.

இன்ஜினியரிங் படித்த எனக்கும் இதில் கிறக்கம் உண்டு. ஆனால் "எதுக்குடா இவ்வளவு வேகம்?" என்று கேட்டால் வரும் பதில்தான் உறுத்துகிறது: "என் வண்டி, என் காசு, என் உயிர். உனக்கென்ன?"

எம். புதுப்பட்டிப் பக்கம் இந்தப் பதில் செல்லாது. பட்டாசு ஆலையில் மருந்தின் அளவோடு கேள்வி முடிவதில்லை. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். வெடிப்பு யாருடையது என்று பார்த்து நிற்காது, பக்கத்து அறைக்கும் போகும். அந்த விதிகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை 2012-இல் முதலிபட்டி பார்த்தது.

வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. விழுங்க முடியாத மிச்சம் யார் மேல் போய் விழும்? பட்டாசு அறையில் உட்காருகிறவர் வயிற்றுப்பாட்டுக்காக, ஆபத்து தெரிந்தே வருகிறார். சைக்கிளில் ரோட்டைக் கடக்கிறவருக்கு எதிரே வரும் காருக்குள் என்ன இன்ஜின் என்பதுகூடத் தெரியாது. அவரை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுங்கள், நானே வந்து கைதட்டுகிறேன். அங்கே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.