சாய்ந்த கோயில், சாயாத பலிபீடம்

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி நகரைச் சாம்பலில் புதைத்தபோது, இருளில் தப்பியோடியவர்களுள் பலர் தேவர்களை நோக்கிக் கையுயர்த்தினர் என்றும், இனித் தேவர்களே இல்லை, உலகின் கடைசி இரவு வந்துவிட்டது என்று கருதியோர் அவர்களினும் மிகுதி என்றும், அப்பகுதி வளைகுடாவின் வடமுனையிலிருந்த மிசேனத்தில் அதை நேரில் கண்ட இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் கூறுகிறார். ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றினும், தொழுதோரும் மறுத்தோரும் காப்பதே தெய்வத்தின் தொழில் என்ற ஒரே நம்பிக்கையில்தான் நின்றனர்.

இப்பேரழிவைத் தண்டனையாகக் கண்டோரும் உண்டு. சிபில்லாவின் வாக்குகள் எனப்படும் யூதத் தீர்க்கதரிசனப் பாடல்களின் நான்காம் நூல், கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த ரோமின்மேல் இறைவன் கொண்ட சினமாக இந்நெருப்பைச் சுட்டுகிறது. ஆனால் உடல்கள் மட்கியபின் இறுகிய சாம்பலில் எஞ்சிய வெற்றிடங்களில் 1863இல் ஜுசெப்பே ஃபியொரெல்லி சாந்துக் குழம்பை ஊற்றி வார்த்தெடுக்கத் தொடங்கிய மனித வடிவங்களுள் குழந்தைகளும் உள்ளனர். எருசலேமின் பெயரைக்கூட அறிந்திராத அவர்கள்மேல் அச்சினத்தைச் சுமத்தும் விளக்கம் ஏற்கத்தக்கதன்று.

எரிமலை வெடிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே பொம்பெயியை உலுக்கிய நிலநடுக்கம் குறித்து எழுதிய தத்துவஞானி செனெகா, நிலம் அதிர்வது தேவர்களின் கோபத்தால் அன்று என்றும், உள்ளே அடைபட்ட காற்றே அதற்குக் காரணம் என்றும் வாதிட்டார். காற்று என்றது பிழையே. ஆயினும் காரணத்தை அறிவது அச்சத்தைக் குறைக்கும் என்ற அவரது துணிபு இன்றும் பொருந்தும். எனினும், காரணம் தெரிந்தபின்னும் மனிதர் ஏன் வழிபடுகின்றனர் என்ற வினாவை அது தீர்க்கவில்லை.

அதற்கான விடையைத் தேடுவோர், பொம்பெயியில் ஏலமும் கடனும் நடத்திய லூசியஸ் கசிலியஸ் இயுகுந்தஸின் வீட்டில், குலதெய்வங்களுக்குரிய லராரியம் என்னும் வீட்டுப் பூசைமாடத்தில் இருந்த பளிங்குப் புடைப்புச் சிற்பத்தைக் கூர்ந்து நோக்கவேண்டும். அதில் யூப்பிட்டரின் கோயில் தூண்களோடும் படிகளோடும் ஒருபுறமாகச் சரிகிறது. பக்கத்திலுள்ள குதிரைவீரர் சிலைகளும் சாய்கின்றன. சற்றுத் தள்ளி நேராக நிற்கும் பலிபீடத்தை நோக்கி ஒரு காளை கொண்டுவரப்படுகிறது. அந்நிலநடுக்கத்தைக் காட்டும் இச்சிற்பத்தைத் தப்பியதற்கான நன்றி என்றோ, தேவர்களைத் தணிவிக்கும் பரிகாரம் என்றோ கொள்ளலாம். எவ்வாறாயினும், தேவர்களுக்கெல்லாம் தலைவனின் கோயிலே விழுந்ததை மறைக்காமல் அன்றாடம் தொழும் இடத்திலேயே ஒரு குடும்பம் பதித்துவைத்தது என்பது, வழிபாடு பாதுகாப்புக்கான உடன்படிக்கையாக மட்டும் இருக்கவில்லை என்பதை உணர்த்துகிறது. வெசுவியஸ் வெடித்த நாளிலும் யூப்பிட்டரின் கோயில் சீரமைக்கப்படாமலே நின்றது. எகிப்தியத் தேவி ஐசிஸின் கோயிலோ, 6 வயதுச் சிறுவன் ஒருவனின் பெயரால் அடித்தளத்திலிருந்தே மீண்டும் எழுப்பப்பட்டிருந்ததாக அதன் வாயிற் கல்வெட்டு சொல்கிறது.