ஒப்படைக்கும் வரை

பழவேற்காட்டு ஏரியில் நீர் சூழக் கிடக்கும் பசியாவரம் போன்ற மீனவ ஊர்களில் நாய்க்குப் பெரும்பாலும் தனி எஜமானர் கிடையாது. வலை பிரிக்கும் இடத்தில் ஒதுக்கிப் போடும் பொடிமீனைத் தின்று, படகின் நிழலில் படுத்து, இரவில் அயலார் காலடி கேட்டால் குரைத்து அது காலம் கழிக்கும். எந்த வீட்டுக்கும் உரியதல்ல என்றாலும் ஊருக்கு உரியது. ஏரியும் பறவையும் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிற ஒருவர், விலா எலும்பு தெரியும் ஒரு குட்டியைக் கண்டு மனம் இளகி, “நல்ல வீடு கிடைக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன்” என்று தூக்கிச் செல்கிறார் என்று வையுங்கள். அவர் செய்வது அறமா?

அவர் இரக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குட்டியின் தாய் பத்தடி தள்ளி இரை தேடிக்கொண்டிருக்கலாம். எட்டு வாரம் ஆகும்முன் தாயைப் பிரியும் குட்டி பாலை மட்டும் இழப்பதில்லை. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடித்தான் அது கற்கிறது. அந்தப் பாடத்தை நகரத்து அடுக்குமாடி வீடு கற்றுத் தராது. இடம் இழந்த நாய்க்கு இடம் தருவதுதான் தற்காலிகப் பராமரிப்பு. இடமுள்ள நாயிடமிருந்து அதைப் பறித்துவிட்டுக் காப்பாற்றியதாகச் சொல்வது வேறு செயல்.

நாட்டின் சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. பிடித்த நாய்களைச் சென்னை மாநகராட்சி மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலத்தில், 1959-இல் அந்நகரில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு கருத்தடையே வழி என்று வாதாடியது. 1990-களின் நடுவில்தான் மாநகராட்சி அதை ஏற்றது. நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன 2023-ஆம் ஆண்டு விதிகள். டெல்லியில் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன 2025 ஆகஸ்ட் 11 உத்தரவை, அதே மாதம் 22-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்தியபோதும் இந்த முறைக்கே திரும்பியது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. நாயைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சியிடம் விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் கடமை என்றும் அந்த உத்தரவு சொன்னது. நவம்பரில் அதே நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அகற்றி, அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. இப்படி இடம் இழக்கும் நாய்களுக்குக் காப்பகத்தைவிட ஒரு வீட்டு மூலை நூறு மடங்கு மேல்.

ஏனென்றால் நெருக்கமாக அடைத்த இடத்தில் பார்வோ வைரஸ் நுழைந்தால், தடுப்பூசி போடாத குட்டிகள் வாந்தியும் ரத்தப்போக்குமாகச் சில நாளில் மடியும். தனி வீட்டில் வளரும் குட்டிக்கு அந்த ஆபத்து குறைவு. மனிதர் குரலும் கையும் அதற்குப் பழகிவிடும். அப்படிப் பழக்கிவிட்டுக் கைமாற்றுவது துரோகம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. குட்டிகள் விரைவில் புது ஆளோடு ஒட்டிக்கொள்ளும். வளர்ந்த நாய் சில நாள் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக் கிடக்கும். அந்த வலி உண்மையானது. அதற்காக முதலிலேயே கைவிட்டிருந்தால் அந்த நாய்க்கு நேர்ந்திருப்பது அதைவிடக் கொடியது என்பதுதான் பதில். அதன் பழைய துணியையும் பழகிய உணவையும் கூடவே அனுப்புவதும், எடுப்பவரை இரண்டு மூன்று முறை வரவழைத்துப் பழக்குவதும் வலியைக் குறைக்கும். அதைச் செய்யாமல் அவசரத்தில் தள்ளிவிடுவதுதான் துரோகம்.

இந்த ஏரியின் சில மீனவ ஊர்களில் ‘பாடு’ முறை உண்டு. சீட்டுப் போட்டு முறை வைத்து, தன் முறை வரும்போது ஒருவர் அந்த நீர்ப்பரப்பில் வலை விரிப்பார்; பிறகு அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார். முழு உழைப்பையும் தந்தபின், தனதென்று உரிமை கோராமல் விலகுவது அங்கே இழப்பாகாது. நாயைத் தற்காலிகமாக ஏற்பவரிடம் வேண்டுவதும் அதே மனம்தான்.

கூடவே உண்மையும் வேண்டும். குழந்தையிடம் உறுமும் நாயை ‘சாது’ என்று சொல்லி ஒப்படைப்பவர், நாய்க்கும் குழந்தைக்கும் ஒருசேரத் தீங்கு செய்கிறார். எல்லாக் குட்டிக்கும் வீடு கிடைத்துவிடாது என்பதும் உண்மை: ஆண்குட்டிக்கு ஆள் வந்துவிடும், பெட்டைக்குட்டிகள்தான் தங்கிப்போகும். பெட்டைகளை மூட்டையில் கட்டிக் குப்பைமேட்டில் விடும் பழக்கத்துக்கு 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிப்பது பத்து முதல் ஐம்பது ரூபாய் அபராதம். வெட்கக்கேடு. ஆகவே எவருமே வராவிட்டால் நானே வைத்துக்கொள்வேன் என்று சொல்ல முடியாதவர் ஏற்கக் கூடாது. அவருக்கு வேறு நல்வழி உண்டு: கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பணம் தரலாம்.

நாயின் நலம் மட்டுமே அறத்தின் எல்லை என்று கொண்டால் இந்தக் கரையில் தவறிவிடுவோம். சனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமைகள் வங்கக் கடற்கரை மணலில் முட்டையிடுகின்றன. நாய்கள் அவற்றைத் தோண்டித் தின்னும். குளிர்காலத்தில் வரும் பூநாரைகளை விரட்டும். உலகின் வெறிநோய்ச் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இரக்கப்பட்டு உணவு வைத்து நாய்களைப் பெருகவிட்டு, கருத்தடைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்பவர், கடிபட்ட குழந்தைக்கும் கூடிழந்த ஆமைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

ஆகவே பசியாவரத்துக் குட்டிக்கு முதலில் தேட வேண்டிய பராமரிப்பாளர் பசியாவரத்திலேயே இருப்பவர். தாயையும் குட்டிகளையும் எட்டு வாரம் வீட்டுத் திண்ணையில் வைத்துக்கொள்ள ஒரு வீட்டார் ஒப்புக்கொண்டால், அவர்கள் ஊற்றும் பாலுக்கும் மருந்துக்கும் சென்னைக்காரர் பணம் தரட்டும். மூன்று மாதம் ஆனதும் குட்டிகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி, பால் மறந்தபின் தாய்க்குக் கருத்தடை, கால்நடை மருத்துவரை ஊருக்கு அழைத்துவரும் செலவு, எல்லாம் அவர் பொறுப்பு. அதன்பிறகும் ஊரில் இடமில்லாமல் போகும் குட்டி ஏதேனும் இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு அவர் சென்னைக்குக் கிளம்பலாம்.