விரால் சாட்சி

1

மீன் செத்து மிதந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். மீன் சாகவில்லை என்றால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளலாமா? மீன்வளத்துறை ஆட்கள் பேசித் தீர்க்க வேண்டிய விசயம் மாதிரி இது தெரியலாம். ஆனால் சேரியில் பிறந்து வளர்ந்த யாரும் இந்தக் கேள்வியைச் சும்மா தாண்டிப் போக முடியாது. 'சாகாமத்தானே இருக்காங்க, அப்புறம் என்ன?' என்பதுதான் காலங்காலமாக நம்மை அளக்க இந்தச் சமூகம் வைத்திருக்கும் படி.

நாமகிரிப்பேட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மஞ்சள் மண்டி. எங்களுக்குக் குச்சிக்கிழங்கு. ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் போகிற சாலையில் இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. கிழங்கு வெட்டுகிற கை, லாரியில் ஏற்றுகிற தோள், மில்லில் தோல் உரிக்கிற விரல், பெரும்பாலும் நம்முடையவை. எங்கம்மா ஒரு சேகோ மில்லில் பதினோரு வருசம் தோல் உரித்தாள். ஈரத்திலேயே குந்தியிருந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகக் கிடக்கும். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, "பழகிப்போச்சு கண்ணு" என்பாள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகிறேன்.

சில வருசங்களுக்கு முன்னால் ஒரு விடிகாலையில் எங்கள் காலனியை ஒட்டிய ஏரியில் மீன் மிதந்தது. கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கிவிட்டன. ஏரியை மீன்பாசி ஏலத்தில் எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். போலீஸ் வந்தது, பத்திரிகைக்காரர் வந்தார், அதிகாரி பாட்டிலோடு வந்தார். சட்டியை எடுத்துக்கொண்டு போன எங்கள் பிள்ளைகளை, "தொடாதீங்கடா, எண்ணிக் கணக்குக் குடுக்கணும்" என்று விரட்டினார்கள். செத்த மீனும் ஏலக்காரர் சொத்து.

கரையில் நின்ற எங்க அம்மாயி சொன்னது: "எல்லாம் செத்துப்போச்சு. விராலு ஒண்ணுகூட சாவலையே."

மில் தரப்பில் வந்து நின்ற ஆள் அதை டக்கென்று பிடித்துக்கொண்டார். "கெழவியே சொல்லுதுங்க பாருங்க. தண்ணியில விசம் இருந்தா விராலு மட்டும் எப்படிப் பொழைக்கும்?" என்று அதிகாரியிடம் கேட்டார். விராலை மில்லுக்குச் சாட்சியாக்கிவிட்டார். அந்தச் சாட்சியம் செல்லுமா என்று யோசித்ததன் விளைவே இந்தக் கட்டுரை.

2

இந்தத் தொழில் இந்தச் சீமைக்கு வந்ததே ஒரு மீன் வியாபாரி வழியாகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1943 வாக்கில் சேலத்து மாணிக்கம் செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வந்தவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரிடம் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டார். யுத்த காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றுபோன சமயம் அது. பிறகு மில்கள் பெருகின. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் வந்தது.

கிழங்கை அரைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து, தொட்டியில் படியவிட்டு, மேல் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். திப்பி மாட்டுக்குப் போகும். தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். நம் ஊர்களில் பள்ளத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

'அது கிழங்குச் சாறுதானே, கஞ்சித் தண்ணி மாதிரி' என்பது மில்காரர்கள் எப்போதும் சொல்வது. பாதி உண்மை. குச்சிக்கிழங்கில் லினமாரின் என்கிற பொருள் இருக்கிறது. கிழங்கை நசுக்கும்போது அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. மீன்கள் மிகச் சொற்ப அளவு சயனைடைக்கூடத் தாங்காது. இதை விட்டுத்தள்ளுங்கள். வெறும் மாவுச்சத்தே போதும். தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்னும். தின்னத் தின்ன, தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவைக் குடித்துத் தீர்க்கும். விட்டாலே மீன் மூச்சு முட்டிச் சாகும். சாப்பாடே மூச்சை நிறுத்தும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிடக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம். எங்கள் காலனியிலிருந்து சேலத்துக்குப் போய் எம்.எஸ்சி. வேதியியல் படித்த தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். மீன் செத்து ஒரு வாரம் கழித்து, மில் மறுபடியும் ராத்திரியில் தண்ணீர் திறந்துவிட்டதாகத் தெரிந்ததும், விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு ஏரிக்குப் போனோம். காற்றுக் குமிழி இல்லாமல் கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்தாள். கரையிலேயே மாங்கனீஸ் சல்ஃபேட், அப்புறம் கார அயோடைடு விட்டாள். தண்ணீரில் பிராணவாயு இருந்தால் பழுப்பாக வண்டல் திரளும். இல்லாவிட்டால் வெள்ளையாகத் திரளும்.

"வெள்ளையாவே நிக்குது பாருங்க அக்கா. காத்தே இல்லை இதுல."

வெள்ளையாக்கத்தானே இத்தனை பாடு. ஜவ்வரிசி வெள்ளையாக இருந்தால் நல்ல விலை. குப்பியில் அதே வெள்ளைக்குச் சாவு என்று அர்த்தம்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு அதே இடத்தில் இன்னொரு குப்பி பிடித்தாள். இது பழுப்பாகத் திரண்டது. அமிலம் விட்டதும் மஞ்சள் நிறமாகி அயோடின் வெளியே வந்தது. தயோசல்ஃபேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது கொஞ்சம் மாவுக் கரைசல் சேர்த்தாள். குப்பி நீலமானது. இன்னும் சில சொட்டில் நீலம் மறைந்தது. எத்தனை மில்லி செலவானதோ அதை வைத்துப் பிராணவாயுவைக் கணக்கிட்டுவிடலாம். புடாபெஸ்டில் விங்க்ளர் என்பவர் 1888இல் சொன்ன முறை. எந்த மாவு ஏரியின் மூச்சை நிறுத்தியதோ, அதே மாவுதான் அந்த மூச்சை அளக்கவும் பயன்படுகிறது. மாவின் மேல் குற்றமில்லை.

ஏன் இரண்டு குப்பி இரண்டு விதமாகச் சொன்னது? பகலில் ஏரியின் பாசி வெயிலில் பிராணவாயுவை வெளியே விடுகிறது. ராத்திரியில் பாசியும் சேர்ந்துகொண்டு அதை இழுக்கிறது. விடியற்காலையில்தான் ஏரிக்கு மூச்சுத் திணறும். அதிகாரி வந்து பாட்டில் பிடித்தது மத்தியானம். அவர் எழுதிய எண்ணில் பொய் இருந்திருக்காது. ஆனால் அந்த எண் பொய்ச் சாட்சி சொன்னது.

'வேதியியலுக்குச் சாதி கிடையாது, எண்ணுக்கு மதம் கிடையாது' என்கிறார்கள். சரி. எந்த நேரத்தில், எந்த மூலையில், யாருடைய புகாரின் பேரில் குப்பியை முக்குகிறோம் என்பதற்கு? அதற்கு உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு ஏரி எப்படி நாறும் என்று தெரிந்தவர்கள் அதன் கரையில் படுத்துக் கிடப்பவர்கள். அவர்களைக் கேட்காத ஆராய்ச்சி, தவறு செய்யாமலே அநியாயம் செய்துவிட முடியும்.

3

இப்போது விராலுக்கு வருவோம்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கத்தி ஆற்று மீன்கள். தேங்கிய நீரில் தானாக இனம் பெருக்காது. ஆற்றில் போய்க் குஞ்சு பிடித்துவர வேண்டும். 1957 ஜூலை 10ஆம் தேதி ஒரிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அவரோடு இருந்தவர்களும், ஒரு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை இன்னொரு மீனுக்கு ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்தார்கள். பெரிய சாதனை. கோடிக்கணக்கான மக்களுக்கு மலிவான புரதம் கிடைத்தது. இன்றும் அந்த நாளை மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். மறுக்கவில்லை.

ஆனால் குஞ்சை விலைக்கு வாங்கி ஏரியில் விட்டதும் ஏரியின் அர்த்தம் மாறிப்போனது. அம்மாயி காலத்தில் அயிரை, கெண்டை, கெளுத்தி, குரவை, விரால் யாருடையதும் இல்லை. சேலையை விரித்து அரித்தால் ஒரு வேளைக் குழம்பு. ஏலத்துக்குப் பிறகு ஏரித் தண்ணீருக்குள் ஒரு வேலி வந்துவிட்டது. ஏலம் எடுக்கப் பணம் வேண்டும், பணத்தோடு சாதியும் வேண்டும்.

கெண்டை வகை மீன்களுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லிகிராம் அளவுக்காவது பிராணவாயு இருந்தால்தான் சௌகரியம். குறைந்தால் முதலில் சாவது அவை. அப்போது புகார் எழும், நஷ்டஈடு கேட்கப்படும். ஏனென்றால் அவற்றுக்கு ஒரு முதலாளி இருக்கிறார். விராலுக்கு யாரும் இல்லை. அது எப்படிப் பிழைத்தது? விராலின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை வாங்கி வைக்கும் அறை இருக்கிறது. தண்ணீர் கெட்டால் மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிக்கொண்டு போகும். வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால், நல்ல தண்ணீரிலேகூட அது மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது மேலே வந்தாக வேண்டும். மேலே கொக்கு நிற்கிறது, தூண்டில் நிற்கிறது.

ஆகவே விரால் பிழைத்தது தண்ணீர் நன்றாக இருந்ததால் அல்ல. கெட்ட தண்ணீரிலும் பிழைக்கும் வழியை அதன் உடம்பு கற்று வைத்திருந்தது. அதன் உயிர் தண்ணீருக்குக் கொடுத்த நற்சான்று ஆகாது.

'பழகிப்போச்சு' என்று எங்கம்மா சொன்னதும் இதுதான். அவள் சொன்னால் அது வலியைத் தாங்குவதற்கான ஒரு சொல். மில்காரர் வாயில் 'அவங்களுக்குப் பழக்கமுங்க' என்று வரும்போது அதே சொல் தீர்ப்பாகிவிடுகிறது. தாங்கிக்கொள்வதையே தாங்கலாம் என்பதற்கு ஆதாரமாக்குகிறார்கள். நம் பாட்டன் பாட்டிகள் பஞ்சத்தையும் சாணிப்பாலையும் சவுக்கடியையும் தாங்கினார்கள் என்று நாமே பெருமையாக எழுதும்போதுகூட இந்த ஆபத்து இருக்கிறது. நம் உறுதியைப் புகழ்ந்து பாடும் பாட்டைக் கேட்டு, தண்ணீரைக் கெடுத்தவன் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

4

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? போபால் படுகொலைக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும் வந்தன. கழிவுநீருக்கான பொதுத் தர அளவுகளில் ஓர் உயிர்ச் சோதனை இருக்கிறது. கலப்படம் செய்யாத கழிவுநீரில் மீன்களை விட வேண்டும். 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

இது வந்ததே முன்னேற்றம்தான். எண் மட்டும் சொன்னால் போதாது, ஓர் உயிர் பதில் சொல்ல வேண்டும் என்று விஞ்ஞானிகள் நினைத்திருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. நூற்றில் பத்து மீன் சாகலாம் என்று விட்டிருக்கிறோமே, மனிதர்களிடம் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் அந்தப் பத்துப் பேர் யார்? சோதனைத் தொட்டியில் அது எந்த மீனாகவும் இருக்கலாம். ஊரில் அப்படி இல்லை. அந்தப் பத்து எந்தத் தெருவில் குடியிருக்கும் என்பது முன்பே முடிவாகிவிட்டது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைப்பட்ட சமத்துவமின்மை என்று சொன்னது இதைத்தான். சராசரி என்கிற ஒன்றையே சாதிச் சமூகம் பொய்யாக்கிவிடுகிறது.

இன்னொன்று. மீனுக்கு நாலு நாள் சோதனை இருக்கிறது. கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்படும் நம் ஆட்களுக்கு நாலு நிமிசம்கூடக் கிடையாது. அழுகிய கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிஞ்சினால் மூக்கின் மோப்பத்தையே முதலில் மரத்துப்போகச் செய்யும். நாற்றம் தெரியவில்லையே என்று இறங்குகிறவன் திரும்ப ஏறுவதில்லை. 2013இல் சட்டம் போட்டுத் தடுத்தும் சாவு நிற்கவில்லை. அங்கே மீன் விடுவதற்குப் பதிலாக மனிதனை விட்டுப் பார்க்கிறார்கள்.

5

சில தோழர்கள், 'விஞ்ஞானமே ஆதிக்கக்காரர்களின் கருவி, நமக்கு எதற்கு?' என்கிறார்கள். அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. டி.என்.ஏ. சோதனை வரை போனார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அந்த மலத் தண்ணீரைக் குடித்த சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றம் சாட்டியது. ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. விராலைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் நம் ரத்தத்தையும் நமக்கு எதிராகச் சாட்சிக்கு இழுக்க மாட்டார்களா என்கிற பயம் நியாயமானது.

இருந்தும் நான் குப்பியைக் கீழே வைக்கத் தயாராக இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கானவர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 பானைகளில் குளத்து நீரை எடுத்து, சாணம், கோமியம், பால், தயிர் எல்லாம் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்திலேயே கொட்டித் 'தீட்டு' கழித்தார்கள். குளத்தைப் பொதுவில் பயன்படுத்தும் உரிமை நீதிமன்றத்தில் உறுதியாக 1937 வரை ஆனது. அந்த இரண்டு தண்ணீரையும் இரண்டு குப்பியில் பிடித்து எங்கள் தங்கச்சியிடம் கொடுத்திருந்தால் எது மாசு என்று ஒரு மணி நேரத்தில் சொல்லியிருப்பாள். தீட்டை எந்தக் குப்பியிலும் பிடிக்க முடியாது, எந்தப் பியூரெட்டிலும் அளக்க முடியாது. மாசை அளக்கலாம். தீட்டுக்குப் பயந்தவர்கள் நம்மைக் கிணற்றில் இறங்கவிடவில்லை. அவர்களே மாசை நம் வாசலுக்குத் திறந்துவிட்டார்கள்.

சாதியில் ஒரு பேச்சு உண்மையா என்பது சொன்னவன் யார் என்பதைப் பொறுத்தது. குப்பியில் அப்படி இல்லை. காலனிப் பெண் அமிலம் விட்டாலும் நீலம் அதே இடத்தில்தான் மறையும். நம்பவில்லையா, நீயும் விட்டுப் பார் என்று சொல்லலாம். இதைவிடச் சமத்துவமான ஒரு வாக்கியத்தை நம் சாஸ்திரங்களில் நான் பார்த்ததில்லை. அதனால் விஞ்ஞானத்தைத் தூக்கி எறிவது நமக்குக் கட்டுப்படியாகாது. நேரத்தையும் இடத்தையும் கேள்வியையும் நாம் தீர்மானிக்க வேண்டும். விடிவதற்கு முன்னால், நம் முன்னிலையில், மடை திறக்கும் இடத்தில் பிடிக்காத தண்ணீரின் அறிக்கையை ஏற்க மாட்டோம் என்று கிராமசபையில் எழுதி வைக்க வேண்டும். நம் பிள்ளைகள் வேதியியல் படிக்க வேண்டும். படித்தவர்கள் ஏரிக்குத் திரும்பி வர வேண்டும்.

'எத்தனை பேர் சாகாமல் இருக்கிறார்கள்' என்று கேட்டால் சாதிச் சமூகம் எப்போதும் பாஸ் ஆகிவிடும். 'இருக்கிறவர்கள் எப்படி மூச்சு விடுகிறார்கள்' என்று கேட்க வேண்டும்.

தங்கச்சியின் இரண்டு குப்பிகளையும் அம்மாயியிடம் காட்டினேன். வெள்ளைக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது: "விராலு சாவலைன்னுதானே நான் சொன்னேன். நல்லா இருக்குதுன்னா சொன்னேன்?"