மீட்கப்பட்ட சிறுவனின் அவா



வேலைத்தளத்தினின்று மீட்கப்பட்ட சிறுவனை நோக்கி, “நீ என்னவாக விரும்புகின்றாய்?” என்று வினவுகின்றோம். “மருத்துவராவேன்” என்கின்றான். நாமோ முறுவலித்து, “முதலில் தையலோ தச்சோ கற்றுக்கொள், வயிறு நிரம்பும்” என்கின்றோம். இவ்வறிவுரை கருணையா, அன்றி அநீதியா? இதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

கைத்தொழில் இழிவன்று. விரும்பித் தச்சனாகின்றவன் பெருமைக்குரியவன். ஆயின், முன்னர்ச் செய்த வேலையைக் கொண்டு ஒருவனுடைய வருங்காலத்தைப் பிறர் அளந்து கொடுப்பது, பிறப்பைக் கொண்டு தொழிலை வரையறுத்த பழங்கொடுமையின் மறுவுருவமன்றோ?

“நிறைவேறா ஆசையை வளர்த்து ஏமாற்றலாமோ?” எனச் சிலர் கேட்பர். நியாயமான வினாவே. ஆனால், பாதை கரடாயிருப்பின் பாதையைச் செப்பனிடுதல் வேண்டும். பயணியின் கால்களைக் கட்டுதல் தகாது.

சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் உழைத்த சிறுவர்களைக் குறித்த வழக்கில், 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இவ்வுண்மையை ஒருவாறு உணர்ந்தது. ஒவ்வொரு சிறுவனுக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அவனுக்கு மாற்றாக அக்குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும், அது இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. பெற்றோர்க்குக் கூலியில்லையேல் பிள்ளைக்குப் பள்ளியில்லை என்பதே இதன் உட்பொருள்.

பின்னர், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், படிப்பை இழந்த சிறுவனை அவன் வயதிற்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்கப் பணித்தது. 14 வயது கடந்தாலும் தொடக்கக் கல்வியை இலவசமாக முடிக்க உரிமை தந்தது. ஆயினும் அவ்வுரிமை 8ஆம் வகுப்போடு முடிகின்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தமோ, 14 முதல் 18 வயது வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகின்றது. எனவே, உரிமை கைவிடும் அதே வயதில் கூலிவேலை கைநீட்டி அழைக்கின்றது. மருத்துவராகும் அவா பெரும்பாலும் மடிவது இவ்விடத்திலேதான்.

நமது கடமையும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. நமது தெருவில் அத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பின், 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அவனுடைய புத்தகம், பயணம், மாலைநேரப் பாடம் ஆகியவற்றை நான்கு குடும்பங்கள் கூடி ஏற்கலாகாதா? அவனுடைய பெற்றோரிடம் சென்று, “இன்னும் நான்கு ஆண்டு பொறுங்கள், நாங்கள் துணை நிற்கின்றோம்” என்று கூறலாகாதா?

முடிவில் அவன் மருத்துவராகாமலும் போகலாம். அது அவனே முயன்று கண்ட எல்லையாக இருக்கட்டும். நாம் முன்னரே இட்ட வேலியாக இருத்தல் கூடாது.