நீத்தார் நினைவும் குடிமை ஒப்பும்

உயிர்கள் எண்ணிறந்தன, அவையனைத்தும் பதியாகிய சிவபிரானுக்கு ஒருபடித்தான அடிமைகள் என்பது சித்தாந்த சைவத்தின் துணிபு. மொழி, இனம், நாடு என்னும் வேற்றுமைகள் தனு கரண புவன போகங்களைச் சார்ந்தன. உயிரின் இயல்பைச் சார்ந்தன அல்ல. ஆகலின், ஓர் அரசு தன் சட்டத்தாலும் விழாவாலும் குடிகளை உயர்ந்தோர் தாழ்ந்தோர் எனப் பகுக்குமாயின், அதனைச் சைவர் எங்ஙனம் மதித்தல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இலங்கைத் தீவு 1948 பெப்ருவரி 4-ஆம் நாள் விடுதலை பெற்றது. அவ்வாண்டிலேயே இயற்றப்பெற்ற குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. அவருள் எஞ்சியோர் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. உள்நாட்டுப் போர் 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிவுற்றது. அம்முடிவைப் பின்வந்த ஆண்டுகளில் அரசு வெற்றி விழாவாகக் கொண்டாடிற்று. வடபுலத்துத் தாயரோ தம் மக்களுக்கு வெளிப்படையாக விளக்கேற்றவும் தடையுற்றனர். 2016 விடுதலை நாளில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பெற்றது. 2020-ல் அது கைவிடப்பட்டது. 2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுச் சின்னம் இடிக்கப்பட்டுப் பின்னர் மீளக் கட்டப்பெற்றது.

ஈண்டு ஒருசாரார், "இன்பதுன்பங்கள் இருவினைப் பயனன்றோ? தாழ்வுற்றோர் தம் வினையை நுகர்கின்றனர். அரசைக் குறைகூறல் என்னை?" எனத் தடை நிகழ்த்துவர். அது பொருந்தாது. வினைப்பயனை ஊட்டுவான் இறைவன் ஒருவனே; அவ்வதிகாரம் எவ்வரசுக்கும் அளிக்கப்பெற்றிலது. நோய் வினைப்பயனாயினும், மருந்தை மறுத்த மருத்துவன் பழியினின்றும் நீங்கான். பிறர்க்கு இழைக்கும் தீங்கு இழைத்தவர்க்கே ஆகாமியமாய் ஏறும். வினைக்கொள்கை, துன்புறுவோன் தேறுதற்கும் தீங்கு நினைப்போன் அஞ்சி அடங்குதற்கும் கூறப்பட்டது. வலியோர் கொடுமையை மறைக்கும் திரையாகக் கூறப்பட்டதன்று.

"படைக்கலம் ஏந்தி மாண்டாரை நினைத்தல் கலகத்தைப் போற்றுதலாகும்" எனின், அற்றன்று. மகனுக்கு விளக்கேற்றும் தாய் அவனுயிரை நினைக்கின்றாள், அவன் படைக்கலத்தையன்று. தென்புலத்தார் கடன் அரசு ஈயும் கொடையன்று. ஆகலின் அதனைத் தடுத்தற்கும் அரசுக்கு உரிமையில்லை.

இந்நீதி தமிழர்க்கும் ஒக்கும். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் துயரையும், போரில் மகனை இழந்த சிங்களத் தாயின் கண்ணீரையும் தம் நினைவினின்றும் விலக்குவோர், தாம் பழிக்கும் பிழையையே தாமும் செய்வோராவர்.

எவ்வுடம்பும் ஈற்றில் நீறாகும் என்பதைத் திருநீறு உணர்த்துகின்றது. அந்நீற்றில் வென்றார் தோற்றார் என்னும் பகுப்பில்லை. அதனை நெற்றியில் அணிவோர், இறந்தார் எவர்க்கும் இரங்குதலையும், இருப்பார் எவர்க்கும் ஒத்த உரிமை வேண்டுதலையும் தம் கடனாகக் கொள்க.